யூசுப் பாய் திரும்ப வாங்கிக்கொண்ட படங்கள்

அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை வேனில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். ஸ்டுடியோ யூசுப் பாய், அவர் மனைவி ஜமீலா அக்கா. என் வீட்டுக்காரர், நான், எங்கள் மகள். ஃபோர்மேன் பொன்னுசாமி அண்ணன், சரசு அக்கா. டிராயிங் ஆபீஸ் ராகவன் சார், அவர் மனைவி, பிள்ளைகள் இருவர். செல்லத்துரை, அவர் மனைவி விஜயா. டிரைவர் முனிராஜ். வழியில் ஏறிக்கொண்ட காட்டு வாச்சர் மாரப்பா. ஆகப் பதினைந்து பேர்.

இது ஞாபகத்தில் இருந்து எழுதியதல்ல. அன்றைக்கே நோட்டில் எழுதி வைத்தது. பத்து வருஷத்துக்குப் பிறகு அந்த நோட்டைப் போன மாதம் எடுத்துப் பார்க்க வேண்டி வந்தது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். ராகவன் சார் வேகமாக வந்தவர், கோலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். "கோமதியம்மா, கிருஷ்ணகிரியிலிருந்து வீட்டுக்குப் போன் வந்துச்சு. பாய் விடியக்காலைல போயிட்டாராம். தொழுகைக்கு எழுந்தவர் அப்படியே உக்காந்துட்டாராம். மத்தியானம் எடுக்கறாங்க." மீதி இருந்த நான்கு புள்ளிகளையும் சேர்த்துக் கோலத்தை முடித்தேன். முடிக்காமல் விட்டுப் போவது தப்பு என்று ஏனோ தோன்றியது. பிறகு உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டுக்காரரை எழுப்பினேன். எட்டரை பஸ்ஸில் கிளம்பினோம்.

அவரைப் பற்றி நம் குடியிருப்போர் சங்க மலரில் எழுதச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள். நாட்காட்டித் தாளையும் கோயில் சுவரையும் பார்த்துத்தான் கையெழுத்தைத் திருத்திக்கொண்டேன். எழுதுவதாக இருந்தால் ஒன்றையும் மறைக்காமல் எழுதுவேன் என்றேன். சரி என்றார்கள். அவரைத் தெரிந்தவர்கள் பொறுமையாகக் கடைசிவரை படிக்க வேண்டும்.

மத்திகிரி ரோட்டில் இருந்த அவர் ஸ்டுடியோவை நம்மில் தெரியாதவர்கள் இல்லை. புதுசு புதுசாகக் கம்பெனிகள் வந்த காலம் அது. மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி என்று எல்லா ஊரிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். கேட்டுக்குள் நுழைய அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குப் படம் வேண்டும். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் ஒரு நாள் அவர் கடை ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். கேமராவைப் பார்த்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கப் போகிறவர் மாதிரி இருந்தாராம். பாய் கறுப்புத் துணியை விலக்கிவிட்டு வெளியே வந்து, "மூச்ச விடுங்க தம்பி. வேலைதான் கெடச்சாச்சே" என்றாராம். வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்கும் நேரத்தில் எடுத்த படம்தான் இன்றுவரை அவர் சட்டைப் பையில் இருக்கிறது. ஓசூரில் எத்தனை பேர் முகம் அட்டையில் நன்றாக இருக்கிறதோ, அத்தனை பேரிடமும் பாய் இதைச் சொல்லியிருப்பார்.

வருஷம் முழுக்க மனுஷ முகம் எடுத்தவருக்கு மார்கழியில் மட்டும் மிருகங்களை எடுக்க வேண்டும். பெங்களூரில் தெரிந்த ஒருவரிடம் நீளமான லென்ஸ் ஒன்றை இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்கி வருவார். "மனுஷன் கேமரா முன்னாடி பொய்யா நிப்பான். மிருகம் நம்மள மதிக்கவே மதிக்காது. அதான் அழகு" என்பார். ராகி அறுப்பு முடிகிற அந்தப் பனிக்காலத்தில்தான் கர்நாடகக் காட்டிலிருந்து யானைகள் நம் பக்கம் இறங்கும். ஊர்க்காரர்கள் பரணில் உட்கார்ந்து தகரம் தட்டிக்கொண்டிருப்பார்கள். நாம் வேன் பேசிக்கொண்டு பார்க்கப் போனோம்.

படச்சுருளில் முப்பத்தாறு படம். போவதற்கு முன்பே கணக்குப் பிரித்தோம். குடும்பத்துக்கு ஒன்று வீதம், பாய் குடும்பத்தையும் சேர்த்து, ஐந்து. மீதி முப்பத்தொன்றும் மிருகங்களுக்கு. எந்த எண்ணில் என்ன எடுத்தது, எங்கே, எத்தனை மணிக்கு என்று நோட்டில் குறிப்பது என் வேலை. பாய்தான் கொடுத்தார். "உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு. என்னுது எனக்கே புரியாது."

நான் 'உ' போட்டு ஆரம்பித்ததைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த விஜயா கேலி ஆரம்பித்துவிட்டாள். அவள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. குளிருக்கு, கம்பெனியில் கொடுத்த செல்லத்துரையின் ஸ்வெட்டரை முழங்கால்வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, ஆனை வந்துச்சுன்னா கையெழுத்து வாங்கிருவீகளோ?"

"நீ சும்மா இரு. ஒன்னு விட்டாலும் கணக்கு நிக்காது."

"ஆனைக்கு ரசீது போட்டுக் குடுத்துருங்க. அது பத்திரமா வெச்சுக்கிடும்."

முன் சீட்டிலிருந்து ஜமீலா அக்கா திரும்பி, "அவ எழுதட்டும்டீ. இவரு வீட்டுக்குப் போறதுக்குள்ள எதை எடுத்தோம்னே மறந்துருவாரு" என்றார். வேனே சிரித்தது.

எந்தக் காடு, எந்த ஏரி என்று இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்று பின்னால் தெரியும். விடியும்முன் வண்டியை நிறுத்தச் சொல்லி, ரோட்டோரம் துண்டை விரித்துப் பாய் தொழுதார். வேனுக்குள் நான் என் மார்கழிப் பாட்டை மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தேன். இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடித்தோம். பிறகு மாரப்பா முன்னால் நடக்க, ஏரிக்கரை மேட்டில் போய் உட்கார்ந்தோம். "மாத்தாடாதிங்கம்மா" என்றார் அவர். பேசக் கூடாது என்பதை அவர் தமிழிலும் கன்னடத்திலும் சேர்த்துத்தான் சொல்லுவார்.

வெளுத்ததிலிருந்து மளமளவென்று எடுத்ததில், அதற்குள் இருபத்திரண்டு படம் ஆகியிருந்தது. மான், மயில், காட்டுப்பன்றி, ராகவன் சார் குடும்பம். பனிக்குள் ஆலமரம் ஒன்று தெரிந்தது. அதன் அடிமரம் அசைந்தது போலிருந்தது. அசைந்தது மரம் இல்லை. தந்தம் இரண்டும் வளைந்து ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி ஒரு பெரிய ஒற்றை ஆண் யானை, அவசரமே இல்லாமல் தண்ணீருக்கு நடந்து வந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சரசு அக்கா அழுதேவிட்டார். பாய் வாய்க்குள் பிஸ்மில்லா சொல்லிவிட்டு ஒரே ஒரு முறை அழுத்தினார். அந்தச் சத்தத்துக்கு யானை தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தது. பாய் கேமராவை மடியில் வைத்துவிட்டார்.

"இன்னொன்னு எடுங்க பாய்" என்று பொன்னுசாமி அண்ணன் கிசுகிசுத்தார்.

"போதுங்க. அது நம்மளப் பாத்துருச்சு. இனிமே எடுத்தா மரியாதை இல்ல."

நான் மணி பார்த்தேன். ஆறு ஐம்பது. இருபத்து மூன்றாம் எண் என்று எழுதினேன்.

ஒரு வாரம் கழித்துப் படங்கள் தயாராயின. மானையும் மயிலையும் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் இருபத்து மூன்றுதான் வேண்டும், சாமி மாடத்தில் வைக்க. எங்கள் நான்கு குடும்பங்களுக்கும் டிரைவர் முனிராஜுக்குமாக ஐந்து பிரதிகள் போட்டார். கடை மேஜையில் அவை காய்ந்துகொண்டிருந்தபோது பேனாவை என்னிடம் நீட்டி, "பின்னாடி நம்பர் மட்டும் போடுங்கம்மா. நெகட்டிவ் தேடி எடுக்க அது போதும்" என்றார்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. "பிள்ளையாரே வந்து தரிசனம் குடுத்த எடம் பாய். எங்கன்னு எழுதாம எப்படி?"

அவர் சிரித்தார். "சரி. உங்க சாமி, உங்க கணக்கு."

ஐந்து படங்களின் பின்னாலும் எழுதினேன். 'பிள்ளையார் துணை' என்று முதல் வரி. அடுத்து ஏரியின் பெயர். ரோட்டிலிருந்து எத்தனை தூரம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், ஆலமரத்துக்கு எந்தத் திசை. காலை ஆறு ஐம்பது. தினமும் இந்த வேளைக்கு வருவதாக வாச்சர் சொல்கிறார் என்பதையும் விடவில்லை. ஒரு கோயிலுக்கு வழி எழுதுவது போல எழுதினேன். அழகாக இருந்தது. எனக்கு அதில் பெருமை.

மாசியில் ஒரு நாள், மகளின் பள்ளிக்கூடப் படத்துக்காகக் கடைக்குப் போயிருந்தேன். மாரப்பா படியேறி வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"பாய், நம்ம ஆனெ போயிடுச்சு."

"எங்க? கர்நாடகா பக்கமா?"

மாரப்பா தன் வாயின் இரண்டு ஓரத்திலும் கையால் அறுப்பது போலக் காட்டினார். "ரெண்டும் இல்ல பாய். அதே ஏரி. மாடு மேய்க்கிறவன் பாத்தது. அதுக்கு முந்தின வாரம் யாரோ ரெண்டு பேர் ஜீப்புல வந்தாங்களாம். ஏழு மணிக்குள்ள ஆனெ தண்ணிக்கு வருமாமே, ஆலமரத்து ஏரி எதுன்னு அவன்கிட்ட கேட்டாங்களாம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஊர்ல ஆனெக்கு யார் பாய் மணி பாத்தாங்க?"

பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் திரும்பாததில் இருந்தே அவருக்கும் புரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். மாரப்பா போன பிறகு, "நான் எழுதினது பாய்" என்றேன்.

"எழுத விட்டது நான்" என்றார் அவர். "வீட்டுக்குப் போங்க. யார்கிட்டயும் பேசாதீங்க."

மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். சரசு அக்கா வீட்டில் அவர் பேசியதை, பக்கத்தில் நின்று நானே கேட்டேன்.

"சாமி மாடத்துல வெச்சுப் பூப் போட்டாச்சு பாய். அதைப் போயி எடுக்கறதாவது?"

"இன்னும் கொஞ்ச நாள்ல பழுப்பாயிரும்மா. கடைசியா தண்ணியில நல்லா அலசணும், நான் அலசல. என் தப்பு. வேற போட்டுத் தர்றேன்."

"இத்தனை வருஷமா கடை வெச்சிருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?"

"அவசரத்துல விட்டுட்டேம்மா."

தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். வேலைக்குப் பழுது சொன்னால் பொறுக்காத மனிதர் அவர். அந்தப் படங்கள் ஒன்றும் கெடவில்லை. இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. அன்று நான் வாயைத் திறந்து, "பாய் பொய் சொல்கிறார், பிழை என்னுடையது" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கும் வந்து, என் வீட்டுக்காரரிடம் அதே பொய்யைச் சொல்லி, எங்கள் படத்தையும் வாங்கிப்போனார். பத்து நாளில் எல்லோருக்கும் புதுப் பிரதி வந்தது. பின்னால் '23' மட்டும் இருந்தது.

ஐந்தில் நான்குதான் திரும்பின. ஐந்தாவது விஜயாவுடையது. செல்லத்துரையின் தற்காலிக வேலை முடிந்து, தைக் கடைசியில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போயிருந்தார்கள். கட்டில், அலமாரி, தட்டுமுட்டு எல்லாவற்றையும் பாகலூர் ரோட்டுப் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டுப் போனதாகத் தெரிந்தது. பாய் அங்கேயும் போய் விசாரித்தார். "ஃபிரேம் போட்ட படம் ரெண்டு மூணு இருந்துச்சு. கண்ணாடிக்காக யாரோ வாங்கிட்டுப் போனாங்க. என்ன படம்னு யார் பாத்தா?" என்று கடைக்காரர் சொன்னாராம்.

விஜயாவுக்கு எழுதலாம் என்றால் விலாசம் இல்லை. அவள் ஊர்க்காரர்கள் யாரையாவது பிடித்து விசாரிக்கட்டுமா என்று பாயிடம் ஒரு முறை கேட்டேன். "வேணாம்மா. அந்தப் பொண்ணு பத்திரமா வெச்சிருக்கும். அந்த ஆனையை ஆயிரம் பேர் பாத்திருப்பாங்க. இல்லாததுக்கெல்லாம் கணக்கு எழுதாதீங்க" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த மார்கழியில் முனிராஜ் வந்து வேன் வேண்டுமா என்று கேட்டதற்கு, முழங்கால் வலிக்கிறது என்றாராம் பாய். அதன் பின் எந்த மார்கழியிலும் அவர் போகவில்லை. இரண்டு வருஷத்தில் கடையை மூடிவிட்டுக் கிருஷ்ணகிரியில் தம்பியின் மாம்பழ மண்டிக்குப் போய்விட்டார்.

கடையை ஏன் மூடினார் என்று நான் கேட்டதில்லை. போன மாதம் அந்த வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. ஆண்கள் பாயை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு அடக்கத்துக்குப் போன பிறகு, உள்ளே ஜமீலா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரே பேச ஆரம்பித்தார்.

"கோமதி, அந்த வருஷம் ஒரு பெரிய கம்பெனியில, இருக்கற ஆளுங்க எல்லாருக்கும் அட்டைப் படம் எடுக்கற வேலைய இவருகிட்ட பேசி வெச்சிருந்தாங்க. 'பாய் கடைப் படம் நாலு மாசத்துல பழுப்பாயிருமாம், அவரே சொல்லித் திரும்ப வாங்கறாராம்'னு பேச்சுப் பரவிருச்சு. வேலை வேற கடைக்குப் போயிருச்சு. அதோட கடை எந்திரிக்கல."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ போயி எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிருவேன்னு பயந்தாரு. கையெழுத்து யாருதுன்னு ஃபாரஸ்ட்காரங்க ஆபீஸ் ஆபீஸா அலைய வெப்பாங்க, பொம்பளப் புள்ளை, சின்னக் கொழந்தை வெச்சிருக்குன்னாரு."

பிறகு எழுந்து போய், பீரோவிலிருந்து ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அந்த நான்கு படங்களும் இருந்தன. பின்னால் என் எழுத்து ஒரு சுழி குறையாமல் அப்படியே இருந்தது. கிழித்திருப்பார், எரித்திருப்பார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். "கிழிக்கத்தான் எடுத்தாரு. மொதல்ல சாமி பேரு எழுதியிருக்கு, எப்படிக் கிழிக்கறதுன்னு உள்ள வெச்சுட்டாரு" என்றார் அக்கா.

உறையின் மேல் பாயின் கோணல் எழுத்து. படிக்கச் சிரமமாகத்தான் இருந்தது. '23. வந்தது 4. இன்னும் 1.'

எனக்குக் கணக்கு எழுத வேண்டாம் என்று சொன்னவர், தான் எழுதி வைத்துக்கொண்டு பத்து வருஷம் காத்திருந்திருக்கிறார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு வரியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆகவே அவரைத் தெரிந்த எல்லோருக்கும் சொல்கிறேன். யூசுப் பாயின் படங்களில் ஒரு குறையும் இருந்ததில்லை. அவர் ஒழுங்காக அலசாத படம் ஒன்றுகூடக் கிடையாது. அவர் சொன்ன பொய் எனக்காகச் சொன்னது. சரசு அக்கா, அன்றைக்கு நீங்கள் திட்டிய திட்டு எனக்குச் சேர வேண்டியது. அவர் பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள்.

என்னிடம் இப்போது இருப்பது அந்த உறை. சாமி மாடத்தில், எண் மட்டும் போட்ட படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காலையில் விளக்கேற்றும்போது பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த யானைக்கும் பாய்க்கும் சேர்த்து ஒரு பூ கூடுதலாக வைக்கிறேன். எதையாவது எழுத உட்கார்ந்தால், இது எழுத வேண்டியதுதானா என்று ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்துகிறேன். அவர் கேமராவை மடியில் வைத்த மாதிரி.

வெளியூர் போனவர்களுக்கும் விலாசம் தேடி இந்த மலரை அனுப்புவதாகச் சங்கத்தில் சொன்னார்கள். அதனால் கடைசியில் ஒருத்திக்கு மட்டும்.

விஜயா, நீ இதைப் படித்தால், அல்லது உன்னைத் தெரிந்தவர் யாராவது படித்துச் சொன்னால், உன் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை என்று முதலில் நம்பு. வீட்டைக் காலி செய்கிற அவசரத்தில் எது எதோடு போகும் என்று யாருக்குத் தெரியும்? அந்த ஆனைப் படம் உன்னிடம் இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார். இருந்தால், இருக்கிறது என்று எழுது. அந்தச் சாமான்களோடு போய்விட்டதென்றால், போய்விட்டது என்று எழுது. எனக்கு வருத்தமாக இருக்கும் என்று மாற்றி எழுதாதே. படத்தை அனுப்ப வேண்டாம். ஒரு கார்டு போதும். உறையின் மேல் அவர் விட்ட இடத்தில், எதுவானாலும் உள்ளதை எழுதி முடிக்க வேண்டும்.

நாங்கள் மத்திகிரியில் அதே வீட்டில்தான் இருக்கிறோம். மார்கழி பிறப்பதற்குள் பதில் போடு.